சிவப்பு முக்கோணம்

"சிவப்பு முக்கோணம் வருது தம்பி. எதைத் திறந்தாலும் அதேதான்," என்றாள் கிளாரா, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு.

"அது குடும்பக் கட்டுப்பாடு விளம்பரமாச்சே," என்றான் அவள் கணவன் செபஸ்தியான். ரங்கத் மார்க்கெட்டுக்கு மீனை ஏற்றி அனுப்பிவிட்டு அப்போதுதான் இட்லிக்கு உட்கார்ந்திருந்தான்.

"நீங்க வாயைச் சாப்பிட மட்டும் திறங்க."

"பக்கத்துல என்ன எழுதியிருக்கும்மா?" என்றது போன். சென்னையிலிருந்து பேசுவதாகவும் பெயர் சந்திரமோகன் என்றும் சொல்லியிருந்தான்.

"உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்லவாம். கீழே, 'பரவாயில்லை, உள்ளே போ'ங்கிற மாதிரி ஒண்ணு இருக்கு. அமுக்கிடவா?"

"வேணாம்மா. அமுக்கினா கண்ட திருட்டுப்பயலும் உள்ள வந்துடுவான்."

கிளாரா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். பத்து மணிக்கு, தெற்குக் கோடித் தீவிலிருக்கும் கேம்பல் பேவுக்குப் போகும் கப்பலுக்கு டிக்கெட் திறக்கும். டீ ஆறுவதற்குள் தீர்ந்துவிடும். அங்கே தங்கை சோபியாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். கிளாராதான் ஞானத்தாய். இதை விட்டால் அடுத்த கப்பல் எப்போது என்று கப்பலுக்கே தெரியாது.

"சமீபத்துல சிஸ்டத்துல ஏதாவது மாத்தினீங்களா?"

"மெக்கானிக் பிரவின் புது சிஸ்டம் ஏத்தினான். ஏத்தின கையோட மெயின்லேண்ட் போயிட்டான், கல்யாணத்துக்கு."

"யாரு கல்யாணத்துக்கு?"

"அவன் கல்யாணத்துக்குத்தான்."

"அப்ப இப்போதைக்கு வரமாட்டாரு. சரி, திரையில வலது பக்கம் கீழே தேதி இருக்கும், படிங்க."

"ஜனவரி ஒண்ணு, ரெண்டாயிரத்துப் பதினாறு."

"அப்ப எனக்குத் தலை நிறைய முடி," என்றான் செபஸ்தியான். "அப்படியே விட்டுடச் சொல்லு."

"அதான்மா விஷயம். உள்ள இருக்கிற சின்ன பேட்டரி செத்துருக்கும், தேதி பின்னாடி போயிடுச்சு. ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. உங்க கம்ப்யூட்டர் கணக்குப்படி அதையெல்லாம் இன்னும் யாருமே கொடுக்கல. அதான் ஒருத்தரையும் நம்பமாட்டேங்குது."

கிளாரா தேதியை மாற்றினாள். முக்கோணம் அசையவில்லை.

சந்திரமோகனும் சலிக்கவில்லை. புது சிஸ்டத்தோடு ஒத்துப்போகாத பழைய ஆன்டிவைரஸ் ஒன்று குறுக்கே நிற்பதைக் கேட்டுக் கேட்டே கண்டுபிடித்தான். அதை நீக்கும்போது கரண்ட் போனது. வரும்வரை லைனிலேயே இருந்தான். வந்ததும் தேதி மறுபடி பதினாறுக்கு ஓடியிருந்தது. மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தான்.

"உங்கம்மா உங்களை நல்லா வளர்த்திருக்காங்க தம்பி," என்றாள் கிளாரா.

"அது இருக்கட்டும்மா, அடுத்ததை அமுக்குங்க," என்றான் அவன் அவசரமாக.

பத்து மணிக்குச் சற்று முன்பு முக்கோணம் போய், வெப்சைட் திறந்தது.

"அப்பாடா," என்றான் சந்திரமோகன். "இப்ப நம்ம வேலையைப் பார்ப்போம்மா. ஒரு ஆப் பேரு சொல்றேன், இறக்குங்க."

"இருங்க தம்பி, முதல்ல கப்பல் டிக்கெட்டைப் போட்டுக்கிறேன்."

"போடுங்க போடுங்க. நான் எங்கயும் போகல."

டிக்கெட் திரையில் வந்ததும் கிளாரா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"தம்பி, சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. உங்க வேலை முடியட்டும்னுதான்..."

"போய்ச் சாப்பிடுங்க," என்று போனை வைத்தாள். அது உடனே மறுபடி அடித்தது. அணைத்தேவிட்டாள்.

செபஸ்தியானுக்கு மனசு கேட்கவில்லை. "அரே, என்னடி இது? அந்தப் பையன் பட்டினியா கிடந்து உனக்கு உழைச்சிருக்கான். ஒரு தாங்க்ஸ் சொல்லக் கூடாதா? எந்தக் கம்பெனி ஆளுன்னு சொல்லு, நானாவது நாலு நல்ல வார்த்தை எழுதிப் போடுறேன்."

"கம்பெனியா? 'உங்க பேங்க் கணக்கு முடங்கிடுச்சு, உடனே கம்ப்யூட்டர் முன்னாடி உட்காருங்க'ன்னு காலையில தானா கூப்பிட்ட ஃபிராடு," என்றாள் கிளாரா, டிக்கெட்டைப் பிரிண்ட் கொடுத்தபடி. "இந்தப் பிரிண்டரைச் சரிபண்ணது போன வாரம் கூப்பிட்டவன்."