வேலை நடக்குதா?

கண்ணாடி ஜாடிக்குள், பார்லிச் சாற்றில் மிதந்தபடி ஈஸ்ட் கனவு கண்டுகொண்டிருந்தது. ஒவ்வொரு கனவும் குமிழியாகி மெல்ல மேலே போனது.

வீட்டிலேயே பீர் காய்ச்சும் ஐசக் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். "வேலை நடக்குதா?"

"நடக்குது சார். மூடிடுங்க," என்றது ஈஸ்ட், தூக்கக் கலக்கத்தில்.

காபி குடித்துவிட்டு வந்து திறந்தார். குளித்துவிட்டு வந்து திறந்தார். அப்போது, பழத்தை மொய்க்கும் குட்டி ஈ ஒன்று உள்ளே நழுவியது.

"யாரு நீ?" என்றது ஈஸ்ட்.

"திறந்திருந்துச்சு, வந்தேன். கால்ல கொஞ்சம் புளிப்பு ஒட்டியிருக்கு, பரவாயில்லையா?"

சில வாரம் கழித்து ஐசக் ஒரு வாய் குடித்தார். வினிகர்.

"ஈஸ்ட் சரியில்லை," என்று ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தார்.

அடுத்த சாற்றில் புது ஈஸ்ட் விழுந்தது. முதல் கனவு குமிழியாவதற்குள் மூடி திறந்தது.