கேட்காத கிழமை

தேர்வாளர் அதே கேள்வியை ஐந்தாவது முறையாகக் கேட்டபோது, கம்ஃபர்ட்டுக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

"ஒருத்தர் மண்ண இன்னொருத்தர் புடிச்சு ஆளுற கொணம் இந்தக் கதையில எங்க தெரியுது?"

முன்னால் இருந்த நான்கு பேரும் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். கப்பல் உடைந்து தனித்தீவில் ஒதுங்கிய வெள்ளைக்காரன் அந்தத் தீவையே தன் சொத்து என்கிறானே, அதை அஜோவா சொல்லிவிட்டாள். துப்பாக்கியை ஒருத்தி எடுத்துக்கொண்டாள். அவன் காப்பாற்றிய தீவுக்காரன் அவன் காலடியில் தலையை வைத்தானே, அதை இன்னொருத்தி. பாதிக் கதையில் தூங்கிப்போன எக்குவாகூட, "மொதல்ல சொல்லிக் குடுத்த வார்த்தையே எஜமான்ங்கறதுதானே சார்" என்று போட்டுவிட்டு ஜம்பமாக உட்கார்ந்திருந்தாள்.

பாவி, அதைத்தான் கம்ஃபர்ட் தனக்கென்று பொத்தி வைத்திருந்தாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. கடலுக்கு ஓய்வு நாள். ஒரு படகும் இறங்காது, புகை போட்டுச் சுடுவதற்கு மீனும் வராது. அதனால்தான் மீன் சுடும் பெண்களுக்குச் செவ்வாயில் வகுப்பு வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் கொடி இறங்கி நாலு வருஷம் ஆகிறது. புது அரசாங்கம், படித்துத் தேறினால் சான்றிதழ் தருகிறது.

கம்ஃபர்ட் ஒன்பது வயதில் தலைநகரத்துத் துரைசாணி ஒருத்தியின் பங்களாவுக்குப் பாத்திரம் கழுவப் போனவள். இங்கிலீஷ் காதில் விழுந்தது அங்கேதான். எழுத்து மட்டும் ஐம்பது வயதில்.

சான்றிதழை மாட்ட ஆணிகூட அடித்தாகிவிட்டது. "அடுப்புக்கு மேலயா மாட்டப் போற? ஒரு வாரத்துல அதுவும் கருவாடாயிடும்" என்று எக்குவா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தாள். இப்போது வாயடைத்து நின்றால் அந்த ஆணி இன்னும் ஒரு வருஷம் சும்மா நிற்கும்.

தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவன் நாளத் தப்பா எண்ணிட்டான் சார்" என்றாள் கம்ஃபர்ட்.

"என்னம்மா?"

"காய்ச்சல்ல கெடந்தானே. முழிச்சப்ப, தூங்குனது ஒரு நாளா ரெண்டு நாளான்னே அவனுக்குத் தெரியலயே. கட்டையில வெட்டி வெட்டி நாள் எண்ணுனான்ல, அதுல ஒரு வெட்டு கொறையுது. அப்புறம் எண்ணுனதெல்லாம் கோணல்தான். அந்தக் கோணல் கணக்க வச்சு, இன்னிக்கு இன்ன கெழம, அதுதான் ஒனக்குப் பேருன்னு அந்த ஆளுக்கு வச்சுட்டான். அன்னிக்கு அந்தக் கெழமையே இல்ல சார்!"

வகுப்பு ஒரு நொடி வாயைப் பிளந்தது. பிறகு அத்தனை பேரும் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்கள்.

அந்தக் கரையில் இது சின்ன விஷயம் இல்லை. பிறந்த கிழமைதான் அங்கே ஒவ்வொருவருக்கும் முதல் பெயர். அப்பா பார்த்து வைக்கும் பெயரெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

"அட நாசமாப்போறவனே!" எக்குவா தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தாள். "இவன் கணக்க நம்பிப் படகு எறக்கிருந்தா செவ்வாக்கெழமையே கடலுக்குப் போயிருப்போமேடி!"

சிரிப்பு ஓட்டுக்கூரையைத் தூக்கியது. கம்ஃபர்ட் மட்டும் சிரிக்கவில்லை.

"அதக்கூட விடுங்க சார். சரியாவே எண்ணிருந்தாலும் என்ன? அது இவன் அவனப் பாத்த கெழம. அவன் பொறந்த கெழம இல்லையே. அவனப் பெத்தவ ஒருத்தி இருந்திருப்பாள்ல? பேரச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள்ல? சைக காட்டியாவது கேட்டிருக்கலாம். கேக்கவே இல்ல சார். கடைசி வரைக்கும் கேக்கல. நீங்க சொன்ன கொணம் அங்கதான் இருக்கு."

குரல் ஓங்கிவிட்டது. அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். மேஜைக்கு அடியில் அவரும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்ததை அஜோவா பார்த்துவிட்டாள்.

"இருவது வருஷமா இந்தக் கதைய நடத்துறேன்மா. எனக்குத் தோணல. நான் புதன்கெழம பொறந்தவன், என் பேரும் அந்தக் கெழமதான், எனக்கே தோணல பாருங்க" என்றார். அதுவரை இறுக்கமாக இருந்த முகம் முழுக்கச் சிரிப்பு. "தேறிட்டீங்க."

அதற்குப் பிறகு அது வகுப்பாகவா இருந்தது? பெஞ்சுகள் மேளமாயின. அஜோவா இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கரும்பலகை முன்னால் ஆடினாள். கம்ஃபர்ட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவளும் இரண்டு அடி போட்டாள்.

இரைச்சலுக்கு நடுவே தேர்வாளர் சான்றிதழை எடுத்து விரித்தார். வருகைப் பதிவேட்டைப் பார்த்தபடி, "பேரு கம்ஃபர்ட். சரிதானே?" என்றார்.

அவள் தலையாட்டப் போனாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"இல்ல சார். அரபான்னு எழுதுங்க. செவ்வாக்கெழம பொறந்தவ."

ஆட்டம் நின்றது. தேர்வாளர் எழுதத் தொடங்கினார்.

எக்குவா அவள் விலாவில் இடித்தாள். "ஏண்டி, இருவது வருசமா பக்கத்து அடுப்புல நிக்கிறேன். அப்ப கம்ஃபர்ட்டுங்கறது யாரு?"

அரபா பேனா முனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முகம் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு முன்னால அந்தத் துரைசாணி வீட்டுல வேல பாத்த பொண்ணு."