மாமனார் அழுத்திய பட்டன்

"மாப்பிள்ளை, உங்க புரோகிராம் மறுபடியும் படுத்துடுச்சு!"

ஹாலிலிருந்து வந்த அப்பாவின் குரலில் துக்கம் துளியும் இல்லை. பரிசு விழுந்தவர் மாதிரி கூவினார்.

சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மகளுக்குச் சுருக்கென்றது. ஆரம்பிச்சாச்சா!

அவள் கணவன் அறையிலிருந்து ஓடி வந்தான். "என்ன மாமா பண்ணினீங்க?"

"நாய்க்கு வயசு என்னன்னு கேட்டுது. 'ரெண்டரை'ன்னு எழுத்துல அடிச்சேன். பொட்டுன்னு மூடிக்கிச்சு."

"அந்தக் கட்டத்துல நம்பர்தான் போடணும் மாமா."

"அதை வாயைத் திறந்து சொல்லணும். கோவிச்சுக்கிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா எப்படி?"

கணவன் தலையைச் சொறிந்தான். "திருத்திடறேன் மாமா."

வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதும், வீட்டிலேயே உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவன் அவன். முதல் வாய்ப்பாகப் பிராணிகள் ஆஸ்பத்திரி ஒன்று கிடைத்திருந்தது. வருகிற நாய், பூனை, கிளி எல்லாவற்றின் விவரத்தையும் பதிந்து வைக்க வேண்டும். இது தேறினால்தான் அடுத்தது.

அந்த நேரம் பார்த்தா அப்பா வந்து சேர வேண்டும்! அம்மா போன பிறகு தனியாகக் கிடந்தவரை இவள்தான் வற்புறுத்தி அழைத்து வந்தாள். தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எரிகிற வீட்டிலும் ஒட்டடை எங்கே என்று பார்க்கிற ரகம்.

மறுநாள் கிளி மாட்டியது.

"சேவ் பட்டனை அழுத்தினேன். ஒரு பதிலும் இல்லை. காது கேக்கலையோன்னு இன்னும் மூணு தட்டு தட்டினேன். ஒரு கிளி நாலு கிளியாயிடுச்சு மாப்பிள்ளை. இது ஆஸ்பத்திரியா, பண்ணையா?"

அதற்கடுத்த நாள் பூனை.

"ஒரே ஒரு பூனையைத்தான் நீக்கச் சொன்னேன். அத்தனை ஜீவனையும் மொத்தமா வழியனுப்பிட்டீங்களே!"

கணவன் முகம் வெளிறிப்போனது. "எந்தப் பூனைன்னு எழுதாம விட்டுட்டேன் மாமா. எதைன்னு சொல்லாம 'நீக்கு'ன்னா எல்லாத்தையும் நீக்கிடும்."

"நல்லவேளை, நீங்க ஆபரேஷன் பண்ற டாக்டர் ஆகலை!"

மகளுக்குப் பொறுக்கவில்லை. அப்பாவை பால்கனிக்கு இழுத்துப் போனாள்.

"ஏம்ப்பா, அவரே நொந்து போயிருக்கார். வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சணுமா?"

"நான் என்னம்மா பண்ணினேன்? ஒரு பட்டனை அழுத்தினேன். என் ஒரு விரலுக்குத் தாங்காதது ஊருக்குத் தாங்குமா?" என்றவர், கைகளைத் தேய்த்துக்கொண்டார். "நாளைக்கு எங்க கை வைக்கணும்னு யோசிச்சு வெச்சிருக்கேன்."

கணவனிடம் புலம்பினாள். "எப்பத்தான் ஆஸ்பத்திரியில குடுக்கப் போறீங்க?"

"குடுத்துடலாம், குடுத்துடலாம்."

"அப்பாவை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடட்டுமா?"

"சேச்சே! பெரியவர். நான்தானே கத்துக்குட்டி, விடு."

இவர் இப்படியே பயந்துகொண்டிருந்தால் வந்த வாய்ப்பும் போய்விடும் என்று, சொல்லாமல் கொள்ளாமல் அவளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். வரவேற்பில் இருந்த பெண், தும்மிக்கொண்டிருந்த ஒரு நாய்க்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"டாக்டரைப் பாக்கணும். என் கணவர் எழுதற புரோகிராமுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் வேணும். வீட்டுல ஒரு சின்ன... இடைஞ்சல்."

பெற்ற அப்பாவை இடைஞ்சல் என்று சொல்ல நாக்கு கூசியது.

அந்தப் பெண் விழித்தாள். "எந்தப் புரோகிராம்? இதுவா மேடம்?"

திரையைத் திருப்பிக் காட்டினாள். அதே நீல நிறப் பெட்டி, அதே கட்டங்கள்.

"போன மாசமே போட்டுக் குடுத்துட்டாரே! ஒரு நாள்கூட மக்கர் பண்ணலை."

"வயசை எழுத்துல அடிச்சுப் பாருங்களேன்."

அடித்தாள். 'வயதை எண்ணில் தரவும்' என்று பணிவாகக் கேட்டுக்கொண்டது புரோகிராம்.

வீட்டுக்கு வந்தவள் நேராகக் கணவனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்."

கணவன் பதறிப்போய் வாயில் விரலை வைத்தான். "மெதுவாப் பேசு!"

"அங்க ஜம்முன்னு ஓடுது. அப்ப, இங்க அப்பா தினம் உடைக்கிறது?"

"அது வேற காப்பி."

"அப்பாவும் ஏளனம் பண்றார், நீங்களும் அசடு வழிஞ்சுக்கிட்டு நிக்கறீங்க. எதுக்குங்க இந்தக் கூத்து?"

அவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஹால் அதிர்ந்தது.

"மாப்பிள்ளை! ஓடி வாங்க! பிப்ரவரி முப்பதாம் தேதி பொறந்த முயலைச் சேத்துக்கிச்சு உங்க புரோகிராம்!" தொடர்ந்து ஒரு சிரிப்பு. அப்புறம், "அம்மாடி, மத்தியானம் சாப்பிட்டது பத்தலை. ஏதாவது இருந்தா எடுத்துக்கிட்டு வாயேன், பசிக்குது."

அவள் அப்படியே நின்றாள். பசிக்குது என்று அப்பா வாயால் கேட்டு எத்தனை நாளாயிற்று? வந்த புதிதில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், கூப்பிட்டால் மட்டும் வந்து இரண்டு வாய் கொறித்துவிட்டுப் போனவர்.

"ஒரு நாள் நிஜமாவே என் புரோகிராம் படுத்துடுச்சு. அன்னிக்குத்தான் மாமா முதல் தடவையா சிரிச்சார்" என்றான் கணவன். "உன்கிட்ட சொன்னா உன் முகமே காட்டிக் குடுத்துடும்னுதான் சொல்லலை."

அவள் கண் கலங்கியது.

"தப்பைத் திருத்தறதுகூடச் சுலபம்மா. ஒரு தணிக்கை அதிகாரி நம்பற மாதிரி தினம் ஒரு தப்பு பண்றதுக்குள்ளதான் எனக்கு உசிரு போகுது!" என்றவன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஹாலுக்கு ஓடினான்.