ஒரே ஜெனரேட்டர்

“ரெண்டையும் ஒண்டாப் போட ஏலாது ராகவி, ஜெனரேட்டர் நிண்டுடும்!” என்று நேர்ஸ் கஜாலினி அக்கா கதவடியில் நின்று கத்துகிறார். காலையிலிருந்து தீவில் கரண்ட் இல்லை; இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான் ஒருத்திதான். எக்ஸ்ரே மெஷினைப் போடுவதென்றால் மற்ற லைன் முழுவதையும் நிறுத்த வேண்டும், இன்டர்நெட்டும் அதில்தான். லாப்டொப் திரையில் மூன்று பரீட்சகர்கள். என் முதுநிலைப் படிப்பின் வாய்மொழிப் பரீட்சை தொடங்கி நாலு நிமிடம். இதை விட்டால் இன்னும் ஒரு வருடம். திறந்த கதவால் தெரியும் பக்கத்து அறையில் கைலாசபதி அண்ணை, இறங்குதுறையில் வழுக்கி விழுந்தவர், கூரையைப் பார்த்தபடி கிடக்கிறார். மீசையில் உப்புக் காய்ந்திருக்கிறது. “கழுத்துப் படம் பாக்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் படகில ஏத்த ஏலாது,” என்கிறார் டொக்டர். “பிள்ளை சோதினையை முடிக்கட்டும், நான் எங்கை ஓடப்போறன்?” என்று அண்ணை சிரிக்கப் பார்க்கிறார். அவர் விரல்கள் கட்டில் விளிம்பைத் தேடுகின்றன, பிடிக்க முடியவில்லை. திரையில் ஒருவர், “ராகவி, கேள்வி விளங்கிச்சுதா?” என்கிறார். “ஒரு நிமிசம் சேர்,” என்கிறேன். லைன் சுவிட்சில் கையை வைக்கிறேன். இந்த லைனை நிப்பாட்டிப்போட்டு எக்ஸ்ரே எடுக்க ஓடினால், நான் திரும்பி வரும்வரைக்கும் திரையில இருக்கிற மூண்டு பேரும் காத்திருப்பினமோ, நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?