வேலிக்கு அங்கால சிசிலியன்

பக்கத்து வளவுக்காரனுக்குத் தபாலட்டை போடுகிற கூத்தை எங்கேயாவது கண்டதுண்டா?

ஓமந்தைக்கு அப்பால் ஒரு குடியேற்றத்தில் நடந்தது. தில்லைநாதனும் தவராசாவும் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது வேலிச் சண்டையையும் கூடவே கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு வேலிக் கதியாலைத் தள்ளி நட்டதில் பேச்சு நின்றது. செஸ் பைத்தியம் மட்டும் நிற்கவில்லை. ஆளுக்கொரு பலகையை வைத்துக்கொண்டு, எந்தக் காயை எங்கே நகர்த்துவதென்று அட்டையில் எழுதிப் போட்டார்கள். அட்டை ஓமந்தைக்குப் போய், முத்திரை குத்துப்பட்டு, தபாற்காரர் கச்சு முகம்மதின் சைக்கிளில் திரும்பி வரும்.

"இந்த ஆட்டத்துக்கும் சிசிலியன் தொடக்கமோ அண்ணை?" என்பார் அவர். அட்டைகளைப் படித்துப் படித்து அவருக்கும் ஆட்டம் பிடிபட்டிருந்தது.

"ஓம். நான் ராசாவுக்கு முன்னால நிக்கிற காலாளைத் தள்ள, அவன் நேர வராமல் பக்கத்தால ஒண்டைத் தள்ளுறான். அவன்ர குணம் அப்பிடி!" என்று சீறுவார் தில்லைநாதன்.

கச்சு முகம்மது சமாதானம் பேச வாயே திறக்கமாட்டார். அந்தப் பக்கத்துக்கு இந்த அட்டைகளை விட்டால் தபாலே கிடையாது. கடிதம் குறைந்தால் ஆளை நிற்பாட்டுவோமென்று மேலிடம் வெருட்டியதை வீட்டுக்கு வீடு சொல்லி அழுதிருந்தார். ஆகவே இரண்டு பேரும் ராசியாகிவிடக் கூடாதென்று துஆக் கேட்டு வந்தார் மனிதர். கடைசியாகத் தொடங்கிய ஆட்டமும் முடிகிற பாடில்லை. தவராசாவின் குதிரை ஓர் அட்டையில் போகும், மறு அட்டையில் திரும்பி வரும்.

ஒருநாள் மனைவி ஸக்கியாவிடம் இந்தத் துஆவை வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவள் பொரிந்து தள்ளினாள்.

"அல்லாவே! ரெண்டு பேரின்ர பகையில வாற சோறு தொண்டைக்குள்ள இறங்குமோ?"

அன்று அவருக்கு இறங்கத்தான் இல்லை.

மறுநாள் அட்டையை நீட்டாமலே தில்லைநாதன் முன்னால் நின்றார்.

"அண்ணை, ஒரு கதியாலுக்காக இன்னும் எவ்வளவு காலம்? என்ர வேலைக்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். பாவம் செய்திட்டன். வேலை போனாப் போகட்டும். அவரோட கதையுங்கோ."

தில்லைநாதன் அவரையே பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பினார்.

"டேய் தவம், வெளியில வா! இனி ஒளிக்கத் தேவையில்லை."

கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு தவராசா வெளியே வந்தார். தில்லைநாதன் தபாற்காரரின் தோளில் கை வைத்தார்.

"நாங்கள் ராசியாகி ஒரு மாரிகாலம் போயிட்டுது, தம்பி. அட்டை நிண்டால் உம்மையும் நிப்பாட்டிப் போடுவாங்கள் எண்டுதான், உம்மட சைக்கிள் மணி கேட்டால் மட்டும் கோவிச்சுக்கொள்ளுறம்."