முழுங்கிய 'ஸ்'

இந்தக் கதையில் விழுந்து விழுந்து சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். முதலில் சிரிக்காத மனிதரைப் பார்த்துவிடலாம்.

எதில்பெர்த்தோ. கொலம்பியாவின் மலைத் தலைநகரான பொகோட்டாவில் ஒரு டாக்ஸி கம்பெனி. டிரைவர்களுக்கு ரேடியோவில் சவாரி சொல்லும் வேலை. காலையில் "வணக்கம்", மாலையில் "வர்றேன்". நடுவில் தெருப் பெயர்கள் மட்டும்.

அடுத்த மேஜை தமாரிஸ். பர்ரங்கீயாக்காரி. கடற்கரையில் பிறந்தவள் வாயை மூடினால் உடம்புக்கு ஆகாது என்று நம்புகிறவள். போப்பாண்டவர் முதல் பிரஷர் குக்கர் வரை எல்லாக் குரலும் வரும்.

"தமாரிஸ், கொஞ்சம் சத்தம் குறைங்க."

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

மறுநாள் இரண்டு மேஜைக்கும் நடுவே அட்டைப்பெட்டிகளால் ஒரு சுவர் எழும்பியிருந்தது. கட்டியவர் எதில்பெர்த்தோ. பெர்லின் சுவர்கூட இவ்வளவு நேராக இருந்திருக்காது.

'இருடி மாப்ளே' என்று கறுவிக்கொண்டாள் தமாரிஸ்.

அந்த வாரம் முதலாளி தொன் எலியாஸ் சொந்த ஊரான போயாக்காவுக்குப் போயிருந்தார். எல்லாரையும் 'சுமெர்செ' என்று கூப்பிடுகிறவர். அவர் ஊர் மரியாதை அது. மனைவியும் சுமெர்செ, வாசல் நாயும் சுமெர்செ.

போவதற்கு முன் தமாரிஸைத் தனியாக அழைத்தார். போன மாதம் அவர் குரலில் ரேடியோவில் பேசி எல்லா டிரைவர்களுக்கும் அரைநாள் லீவு விட்டிருந்தாள்.

"இன்னொரு தடவை என் குரலை எடுத்தா, சுமெர்செ நேரா பஸ் ஸ்டாண்டுதான். கடலைப் பார்த்துக்கிட்டு உட்காரலாம்."

அவள் வேலையை நம்பித்தான் ஊரில் தம்பிகள் இரண்டு பேரும் படிக்கிறார்கள். சத்தியம் செய்து கொடுத்தாள்.

சத்தியம் வியாழக்கிழமை வரை தாங்கியது.

பாத்ரூமுக்குள் போய், செல்போனில் ஆபீஸ் போனைக் கூப்பிட்டாள். யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டாத பழைய போன். குரலைத் தொண்டைக்குள் இறக்கிக்கொண்டாள்.

"எதில்பெர்த்தோ, எப்படி இருக்கீங்க சுமெர்செ? அந்தக் கடற்கரைப் பொண்ணுக்குத் தினமும் காலையில ஒரு கடுங்காப்பி கொடுங்க. குளிர்ல நடுங்குது, பாவம்."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"சரிங்க முதலாளி."

அவள் திரும்பி வரும்போது மேஜையில் காப்பி ஆவி பறந்தது. தமாரிஸ் குனிந்து மேஜைக்கடியில் பேனாவைத் தேடினாள். பேனா கையில்தான் இருந்தது. சிரிக்க வேறு இடம் இல்லை.

நீங்கள் இன்னும் பொறுக்க வேண்டும்.

மறுநாள் உத்தரவு: அவள் பேசும்போது தலையாட்ட வேண்டும். ஆட்டினார். அடுத்தது: பெட்டிச் சுவரை இடிக்க வேண்டும். இடித்தார். அதற்கடுத்தது...

"டிரைவருங்க சோர்ந்து போயிருக்காங்க சுமெர்செ. காலையில ரேடியோவுல ஒரு ஜோக் சொல்லுங்க."

எதில்பெர்த்தோ மைக்கை நேராக்கினார். சட்டைக் காலரையும் நேராக்கினார்.

"எல்லா வண்டிகளுக்கும். முதலாளி போன்ல போட்ட உத்தரவு. ஒரு ஜோக். மழையில ஒருத்தர் டாக்ஸியை நிறுத்தி, 'காலியா?'ன்னார். டிரைவர் 'காலிதான்'னார். 'அப்போ இதைப் போட்டுக்கோங்க'ன்னு உருளைக்கிழங்கு மூட்டையை ஏத்தி விட்டுட்டு, அவர் பஸ்ல போயிட்டார். ஜோக் முடிந்தது. இப்போ சிரிக்கலாம்."

ரேடியோவில் மயான அமைதி.

"பதினாலாம் நம்பர் வண்டி, நீங்க சிரிச்சது கேட்கலை. திரும்பச் சிரிங்க."

ஊரே சிரித்தது. தமாரிஸுக்கு மூக்கு வழியாகக் காப்பி வந்தது. எதில்பெர்த்தோ கைக்குட்டையை நீட்டினார். அதற்கு யாரும் உத்தரவு போடவில்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

தினமும் ஜோக் தொடர்ந்தது. டிரைவர்கள் காத்திருந்து கேட்டார்கள்.

முதலாளி ஊரிலிருந்து திரும்பி வந்து நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, ரேடியோ கரகரத்தது.

"முதலாளி வந்தாச்சாமே. போன்ல போட்ட உத்தரவு ஜோர். ஆனா இன்னிக்கு எதில்பெர்த்தோ ஜோக்கே சொல்லலையே?"

தொன் எலியாஸ் மெல்லத் திரும்பினார். "நான் எப்போ போன் பண்ணேன்?"

அவர் பார்வை நேராகத் தமாரிஸ் மேல் வந்து நின்றது. அவளுக்குப் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது.

"சுமெர்செ..." என்று ஆரம்பித்தார்.

"நான்தாங்க," என்றார் எதில்பெர்த்தோ, எழுந்து நின்று. "நீங்க போன் பண்ணதா நான்தான் கதை விட்டேன். எனக்கு ஜோக் சொல்ல ஆசை. நானாச் சொன்னா யார் சிரிப்பா? அதான் உங்க பேரை இழுத்துக்கிட்டேன்."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தனை வருஷமா வாயே திறக்காத ஆளு. ஜோக்கா?"

"உருளைக்கிழங்கு ஜோக்குங்க."

தொன் எலியாஸ் தலையில் அடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தபடி தன் அறைக்குள் போனார்.

தமாரிஸ் மூச்சு விட்டாள். அப்புறம்தான் பொறி தட்டியது. முதலாளிதான் போனில் பேசினார் என்று எதில்பெர்த்தோ நம்பியிருந்தால், 'நீங்கதானே கூப்பிட்டீங்க' என்றல்லவா சொல்லியிருப்பார்?

"உங்களுக்கு... எப்போ தெரியும்?"

"முதல் நாளே. கடற்கரைக்காரங்க நீங்க ஸ்பானிஷ் பேசுறப்போ வார்த்தைக் கடைசியில வர்ற 'ஸ்'ஸை முழுங்கிடுவீங்க. 'தமாரிஸ்'னு உங்க பேரையே முழுசாச் சொல்றதில்லை. முதலாளி ஒண்ணைக்கூட விடமாட்டார். போன்ல வந்த குரல் அத்தனையையும் முழுங்கிடுச்சு."

"தெரிஞ்சுமா அத்தனையும் செஞ்சீங்க?"

எதில்பெர்த்தோ காப்பியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எனக்குச் சிநேகம் பிடிக்கத் தெரியாதுங்க. யாராவது உத்தரவு போட்டாத்தான் உண்டு. நீங்க எங்கே நிறுத்திடுவீங்களோன்னுதான் பயந்துகிட்டே இருந்தேன்."