கால் தவறிய கோடு

“போன வாரம் மட்டும் உங்க பிள்ளைங்களுக்கெல்லாம் என்னம்மா ஆச்சு?”

கல்வி அதிகாரி மடிக்கணினியை டீச்சர் பக்கம் திருப்பினார். மாதக்கணக்காக மலை உச்சியில் உலாவிக்கொண்டிருந்த நீலக் கோடு, போன வாரம் கால் தவறி அடிவாரத்தில் கிடந்தது. அதுதான் மூன்றாம் வகுப்பின் கணக்கு மதிப்பெண்.

“தினமும் ஒவ்வொரு பிள்ளையும் டேப்லெட்ல கணக்குப் போடணும்னு சொன்னோம். அதுல உங்க வகுப்புதான் முதல். உங்க வேலையை நிரந்தரமாக்கலாம்னு வந்தா, இப்படிக் கவுத்துட்டீங்களே!”

தலைமையாசிரியர் அவசரமாகக் குறுக்கிட்டார். “டீச்சர் ரொம்பப் பொறுப்பு சார். இங்க பிளக் பாயிண்ட் சரியில்லன்னு, சாயங்காலமானா எல்லா டேப்லெட்டையும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் சார்ஜ் போட்டுக் கொண்டு வர்றாங்க.”

அதிகாரி ஒரு டேப்லெட்டை எடுத்துப் பார்த்தார். இரண்டே எண்கள் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தன. “எதுக்கு எழுத்தை இவ்வளவு பெருசா வெச்சிருக்கீங்க?”

“கண்ணுக்கு இதமா இருக்கும் சார்” என்றார் டீச்சர்.

அதிகாரி வகுப்பைப் பார்த்தார். பிள்ளைகள் பெஞ்சின்மேல் பழைய சட்டைப் பொத்தான்களை எட்டெட்டாகக் கூறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஏழெட்டு எவ்வளவு?”

“அம்பத்தாறு!” ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“அதுல பாதி?”

“இருபத்தெட்டு!”

“வாயால யார் வேணா சொல்லலாம். மெஷின் பொய் சொல்லாது.” அதிகாரி தட்டச்சு செய்யத் தொடங்கினார். “மொத்த வகுப்பையும் ‘மெதுவாகக் கற்போர்’னு போட்டுடறேன். லீவு முழுக்க ஸ்பெஷல் கிளாஸ். நீங்க கவலைப்படாதீங்கம்மா. பிள்ளைங்க மக்கா இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க வேலை நிரந்தரம்தான்.”

தலைமையாசிரியருக்கு உயிர் வந்தது. முன் பெஞ்சுச் சிறுமி பொத்தான்களை ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் டப்பாவுக்குள் போட ஆரம்பித்தாள்.

டீச்சர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சார், அதை அழிச்சிடுங்க. பிள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்ல. போன வாரம் என் மாமனாருக்குக் கண் ஆபரேஷன்.”

“ஓ, நீங்க லீவா?”

“இல்ல சார். அவருக்குப் பதிலா மாமியார் கணக்குப் போட்டாங்க.”